மூலை கிழிந்த ஃபிலிம் சுருள்

எல் போல்சோன்,
மே 14, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

லிசாந்த்ரோ எழுதுவது. நானும் அம்மாவும் நலம். புல்காவும் நலம்தான், ஆனால் காட்டு முள்ளெல்லாம் ஒட்டிக்கொண்டு இப்போது பாதி நாய், பாதி முள்ளம்பன்றி. அங்கே அடிக்கிற காற்றில் உங்கள் தொப்பி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா?

முதலில் ஒரு வேண்டுகோள். நான் அனுப்பிய ஃபிலிம் சுருளை இந்நேரம் கழுவக் கொடுத்திருப்பீர்கள். அது வெறுமையாக வந்திருக்கும். தயவுசெய்து கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் நிரபராதி. குற்றவாளி இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான். "எப்பப் பாரு படம் காட்டுறான்" என்று திட்டுவீர்களே, இந்த முறை காட்டுவதற்குப் படமே இல்லாமல் செய்துவிட்டேன்.

மார்ச்சில் நீங்கள் எழுதியது நினைவிருக்கிறதா? பிஸ்கட் டப்பாவில் இரண்டு சுருள் இருக்கும். மூலை கிழிந்தது போன வருடம் எடுத்தது, அதை எனக்கு அனுப்பு. கிழியாதது புதிது, அதைப் போட்டு அம்மாவோடு காட்டுக்குப் போய் இந்த வருட இலையுதிர் காலத்தை எடு என்று. கடைசி வரியில், ஜூன் முதல் தேதி இங்கே இன்னும் இரண்டு வருட வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன், நான் இல்லாததுதான் உன் அம்மாவுக்கு நிம்மதி என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

எடுத்து முடித்த சுருளைத் திரும்பச் சுற்றும்போது ஃபிலிமின் நுனியை நாக்கு மாதிரி கொஞ்சம் வெளியே நீட்டவிட்டு, அடையாளத்துக்கு அதன் மூலையைக் கிழிப்பது உங்கள் வழக்கம். அது எனக்குத் தெரிந்ததுதான் வம்பு. போன வருடம் உங்களைக் குழப்பிப் பார்க்கலாமே என்று புதுச் சுருளின் மூலையையும் கிழித்து வைத்தேன். நீங்கள் குழம்புவதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. கதவுகள் படார் படாரென்று சாத்தப்பட்டன. நீங்கள் எண்ணெய் வயலுக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் வைத்த வெடி டப்பாவிலேயே எனக்காகக் காத்துக் கிடந்தது.

ஏப்ரலில் திறந்தால் இரண்டு நாக்கும் ஒரே மாதிரி நீட்டி எனக்குப் பழிப்புக் காட்டுகின்றன. உண்மையைச் சொல்ல வெட்கம். இரண்டையும் புல்காவின் மூக்கெதிரே வைத்தேன். எதை முகர்கிறதோ அதில் உங்கள் வாசனை இருக்கும் என்று நினைத்து, அதை உங்களுக்கு அனுப்பினேன். அது முகர்ந்தது டப்பாவின் பிஸ்கட் வாசனையை.

மற்றொன்றைக் கேமராவில் போட்டேன். அம்மா முதலில் காட்டுக்கு வரமாட்டேன் என்றாள். "சந்தைக்கு இலை ஒட்டின விளக்குக் கூடு செய்யணும், நீயே போய் இலை பொறுக்கிட்டு வா" என்றாள். நான் தேடித் தேடி மட்டமான இலைகளாகப் பொறுக்கி வந்தேன். "இதென்னடா, மாடு மென்னு துப்பினதா?" என்று கூடையைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தத் தந்திரம் மட்டும் பலித்தது.

உங்கள் வரிசைப்படியே போனோம். முதலில் மரப்பாலம், அடுத்து ஓடை வளைவு, அப்புறம் பழைய வேலி, கடைசியில் விழுந்து கிடக்கும் பெரிய லெங்கா மரத்தில் உட்கார்ந்து பொரித்த ரொட்டியும் மாத்தே டீயும். வரிசை மாறினால் உங்களுக்குப் பிடிக்காதே! மலைச்சரிவு முழுக்க லெங்கா சிவந்திருந்தது. "முதல்ல கண்ணால பாருடா, பெட்டியால அப்புறம் பாக்கலாம்" என்று போன வருடம் கேமராவை நீங்கள் பிடுங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிடுங்க ஆளில்லை. முப்பத்தாறு படமும் நானே எடுத்தேன். அவ்வளவு சுதந்திரம் ஒன்றும் நன்றாக இல்லை, அப்பா.

போன வருடம் அந்த மரத்தின் ஒரு முனையில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். இலை பொறுக்கும் சாக்கில் அம்மா தூரத்தில் இருந்தாள். காலையிலிருந்தே நீங்கள் இருவரும் பேசவில்லை. இந்த வருடம் அம்மா நேராகப் போய் அதன் மறுமுனையில் உட்கார்ந்தாள். "நடுவுல உக்காரேம்மா, படம் நல்லா வரும்" என்றேன். "இங்கயே இருக்கேன். எடு" என்றாள்.

போன வாரம் சுருளைக் கழுவி வாங்க ரொஹேலியோ கடைக்குப் போனால், மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஒரே சட்டைக்குள்ள ரெண்டு பேர் நுழைஞ்ச மாதிரி இருக்குடா. எடுத்த ஃபிலிம் மேலயே திரும்ப எடுத்திருக்க. நீயெல்லாம் அவருக்குப் பிள்ளையா?" என்றார். நீங்கள் ஆசையாகக் கேட்ட சுருள் அது என்று அப்போதுதான் தெரிந்தது. மன்னித்துவிடுங்கள். இதை நான் விளையாட்டாக எழுதவில்லை.

முப்பத்தைந்து படம் வீண். ஒன்றில் உங்கள் காதில் காளான் முளைத்திருக்கிறது. இன்னொன்றில் புல்கா தன்னையே முகர்ந்துகொண்டிருக்கிறது. மீதமுள்ள ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மரம் கொஞ்சம் நகர்ந்து இரட்டையாகத் தெரியும். ஒரு முனையில் நீங்கள், மறுமுனையில் அம்மா. நீங்கள் மாத்தேக் குவளையை நீட்டுகிறீர்கள். அது போன வருடம் எனக்காக நீட்டியது. அம்மா உங்கள் பக்கம் திரும்புகிறாள். அது இந்த வருடம் புல்கா குரைத்ததற்காகத் திரும்பியது. சத்தியமாக நான் திட்டமிட்டதல்ல. எனக்கு அவ்வளவு மூளை கிடையாது.

அம்மாவிடம் காட்டினேன். அடுப்பில் மொஸ்கெட்டாப் பழ ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. படத்தைப் பிடித்தபடியே நின்றாள். ஜாம் அடிப்பிடித்துவிட்டது. நம் வீட்டில் ஜாம் அடிப்பிடித்து நீங்கள் பார்த்ததுண்டா? பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "அந்த நீல ஜெர்சியைக் கொண்டு போனாராடா? அங்க காத்து ஆளையே தூக்குமாமே" என்று கேட்டாள்.

மறுநாள் ஒரு விளக்குக் கூடு செய்ய ஆரம்பித்தாள். அன்று அந்த மரத்தடியில் பொறுக்கிய இலைகளை மட்டும் மெல்லிய தாளில் ஒவ்வொன்றாக ஒட்டினாள். உள்ளே விளக்கை ஏற்றினால் மலைச்சரிவே எரிகிற மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை சந்தையில் ஒரு பெண்மணி அதைத்தான் வேண்டுமென்று நின்றார். "அது ஒருத்தருக்கு எடுத்து வெச்சது" என்றாள் அம்மா. யாருக்கு என்று கேட்டேன். "வாயை மூடிட்டுப் பசையை எடு." தபாலில் அனுப்பட்டுமா என்றேன். "காஞ்ச இலைடா. போய்ச் சேரும்போது பொடிதான் இருக்கும். வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கட்டும்."

இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்த்ததில்லை. என்னை நம்பமாட்டீர்கள் என்று தெரியும். சந்தையில் பக்கத்திலேயே ரொஹேலியோ நின்றிருந்தார், அவரைக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்குமுன் அந்தப் படத்தை ஒரு தடவை பாருங்கள். லெங்காவில் இன்னும் கொஞ்சம் இலை மிச்சமிருக்கிறது, பெருங்காற்று வரும்வரை. வரும்போது ஒரு புதுச் சுருள் வாங்கி வாருங்கள். மூலையைத் தொடமாட்டேன். கேமராவை மட்டும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளுங்கள், அப்பா.

எல்லாப் படத்திலும் கேமராவுக்குப் பின்னால் நின்ற உங்கள் மகன்,
லிசாந்த்ரோ