இடது காலும் ஆடிக் கூழும்

ஜூலை 27, ஞாயிறு

காலையிலேயே வெயில். தொடை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற அந்தக் காலுறையை மாட்டவே பத்து நிமிஷம்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ‘அசையாமல் படு’ என்று தெருவே சொன்னது. படுத்தேன். இடது காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. பத்து வாரம் ஆகிறது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தந்த மாத்திரையையும் சாப்பாட்டையும் மட்டும் எழுதச் சொன்னார் டாக்டர். நான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

காலை: இட்லி 3.
மதியம்: நம் தெரு அம்மனுக்கு ஊற்றிய கூழ், 2 சொம்பு.
ராத்திரி: பின் தெருக் கூழ், 1 சொம்பு.
மாத்திரை: 7 மணி. தவறவில்லை.
கீரை: கடையில் வாங்கவே இல்லை. சபாஷ்.

நாளை ரத்தச் சோதனை. 2-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு தடவை அப்படி இருந்தால் வேலைக்குப் போகச் சீட்டு தருவார்களாம். ஆடி பிறக்கும் முன்னால் 2.2. நாளையும் அப்படித்தான் வரும். செய்யாறு ஷூ கம்பெனியில் என் தையல் மெஷினில் இப்போது எவளோ உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை ஊசி உடைத்தாளோ.

ஜூலை 28, திங்கள்

1.4.

டாக்டருக்கு என் தம்பி வயசு. மாத்திரை விட்டுப்போச்சா என்று மூன்று தரம் கேட்டார். கோபம் வந்தது. கம்பெனியில் பத்து வருஷமாக ஒரு தையல் விட்டதில்லை நான், மாத்திரையையா விடுவேன். ஸ்கேனில் புதிதாக ரத்தக் கட்டி இல்லை. இருந்தாலும் வயிற்றில் ஊசி, இரண்டு நாளைக்கு. புதன்கிழமை மாத்திரையைக் கூட்டுவாராம். நோட்டையும் எடுத்து வரச் சொன்னார்.

ஊசி போட்ட சிஸ்டர் ஒரு சிடுமூஞ்சி. கண்ணமங்கலத்துக்காரி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் போல.

வீட்டுக்காரர் தறியில் இருந்தார். சொன்னேன். “அட விடு, சரியாப் போயிடும்” என்றார். குரல் மட்டும் சரியில்லை.

ஜூலை 29, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. ஊசி போட்ட இடம் ஊதா.

கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் மூச்சே நின்றுவிடுமாம். அதை இன்றைக்கு நாலு தடவை நினைத்தேன். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

சாயந்திரம் தெருவில் ஆறு நடை. எதிர்வீட்டு அக்கா எண்ணெய் கிண்ணத்தோடு வந்தாள், நீவி விடுகிறேன் என்று. கட்டி இருக்கிற காலை நீவவே கூடாது என்று திருப்பி அனுப்பினேன். முகம் சுருங்கிப் போனாள். பரவாயில்லை, கால் என்னுடையது.

ஜூலை 30, புதன்

நோட்டைச் சிடுமூஞ்சி சிஸ்டர்தான் வாங்கினார். திங்கட்கிழமைப் பக்கம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிடுங்கவா முடியும்? ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

“இன்னாக்கா, ரெண்டு ஞாயித்துக்கெழமையும் கூழு கூழுன்னு எழுதிகினு வந்துகீறீங்க. வெறுங்கூழா குடிச்சீங்க?”

“வெறுங்கூழ யாரு குடிப்பாங்க? முருங்கைக்கீர இருக்கும்ல. கூழுன்னா கீரையும் சேத்திதான, அத வேற தனியா எழுதணுமா?”

சிஸ்டர் நோட்டை மூடினார். எத்தனை கரண்டி என்று கேட்டார். யோசித்தேன். நம் தெருக் கீரையை வதக்கியதே நான்தான். மிச்சமானதைச் சட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து திங்கள், செவ்வாய் வரைக்கும் தொட்டுக்கொண்டு தின்றவளும் நான்தான். அதற்கு முந்தின வாரமும் அதே கதை. காசு கொடுத்து வாங்கினால்தான் கீரை என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கீரைதான் மாத்திரையை வேலை செய்ய விடாமல் அமுக்கியதாம். மாத்திரையைக் கூட்டவில்லை. கூட்டியிருந்தால், ஆடி முடிந்து கீரை நின்றதும் ரத்தம் ரொம்ப நீர்த்து, சின்னக் காயமும் நிற்காமல் போயிருக்குமாம். கீரையை அடியோடு விடவும் வேண்டாமாம். வாரா வாரம் ஒரே அளவு.

வெளியே வரும்போது சிஸ்டர் மெதுவாக, “சிடுமூஞ்சின்னு எழுதுனத நான் பாக்கலீங்க” என்றார். அப்போதுதான் சிரித்தார். நல்ல பல்வரிசை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பின் தெருவில் கூழ். கூழ் 1 சொம்பு. முருங்கைக்கீரை 1 சின்னக் கரண்டி (எழுதிவிட்டேன்). மிச்சத்துக்குக் கருவாட்டுக் குழம்பு. “இன்னும் கொஞ்சம் கீர வெச்சிக்கோ” என்று ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ரத்தக் கட்டி பாடம் நடத்தினேன். ஆறாவது ஆள் கிட்டவே வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

2.3. நான் சொல்லவில்லையா.

வீட்டுக்காரர் குழித்தறியில் மூன்று மணி நேரமாகக் காலைத் தொங்கவிட்டே இருந்தார். எழுந்து நடக்கச் சொன்னேன். முணுமுணுத்தார். நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். நடந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

2.5. சீட்டு கிடைத்தது. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க விட வேண்டும் என்று அதிலேயே டாக்டர் எழுதியிருக்கிறார். மாத்திரை இன்னும் மூன்று மாதம். சிஸ்டருக்கு மல்லிகைப்பூ இரண்டு முழம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். கம்பெனி பஸ் 5.40-க்கு வந்தது. வலது காலை வைத்து ஏறு என்று வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னார். இத்தனை நாள் பாடுபட்டது எது? இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தேன்.