அம்மா கழுவிய டப்பா

பிப்ரவரி 4

இன்றும் கண்ணாடியில் ஆவி. ஊசி மருந்துக் குப்பியைக் கறுப்புப் பலகைக்கு முன்னால் சாய்த்து, உள்ளே தூசியோ நூலோ மிதக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முகக்கவசம் போட்டால் மூச்சுக்காற்று மேலேறிக் கண்ணாடியை மூடிவிடுகிறது.

"என்ன பேசாமடந்தை, மருந்தைப் பாக்கறீங்களா, மழையைப் பாக்கறீங்களா?" என்றார் மேற்பார்வையாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அவரே தணிந்த குரலில் லென்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். வேலை நிரந்தரமாவதற்கு முன் கண் பரிசோதனை உண்டாம். ஜூனில்.

பிப்ரவரி 9

கண் மருத்துவமனையில் லென்ஸ் பிரிவு அக்கா மூன்று வகை காட்டினார். காலையில் போட்டு ராத்திரி எறிந்துவிடுவது ஒன்று. ராத்திரி லோஷனில் ஊறவைத்து ஒரு மாதம் போடுவது ஒன்று. மூன்றாவது கெட்டி லென்ஸ். பழகும்வரை உறுத்தும், ஆனால் பார்வை கூர்மை என்றார். "என்னைக் கேட்டா தினசரி எறியறதுதான் சொல்லுவேன். பராமரிப்பே கிடையாது."

அம்மாவும் வந்திருந்தாள். "நல்லா இருக்கற பொருளை ஒரு நாள் போட்டுட்டுக் குப்பையிலயா போடுவாங்க? அதுவும் கண்ணுல இருந்ததை?" அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாதாந்திரமே வாங்கினோம்.

பிப்ரவரி 10

மறக்காமல் இருக்க: சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே தொட வேண்டும். லென்ஸோடு தூங்கக் கூடாது, குளிக்கக் கூடாது. டப்பாவில் பழைய லோஷனைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். டப்பாவையும் லோஷனாலேயே அலசித் திறந்து கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீர் படவே கூடாது. சிவந்தாலோ வலித்தாலோ உடனே கழற்ற வேண்டும்.

பிப்ரவரி 11

மரத்தில் இலைகள் தனித்தனியாக இருக்கின்றன! கண்ணாடியின் ஓரம் இல்லாமல் ஒரு மரத்தை முழுதாகப் பார்த்ததே இல்லை. பேருந்தை விட்டுவிட்டேன்.

மார்ச் 2

ஒரு குப்பிகூடத் தவறவில்லை. "பேசாமடந்தைக்குப் பருந்துக் கண்ணு" என்றார் மேற்பார்வையாளர்.

கவிழ்த்து வைத்துவிட்டுப் போகும் டப்பா, நான் திரும்பி வரும்போது மூடிபோட்டு நிமிர்ந்து இருக்கிறது. தூசி விழாமல் அம்மா மூடுகிறாள் போல. திறந்தே இருக்க வேண்டும் என்று சொல்லலாம்தான். போன வருஷம் அக்கம்பக்கத்தார் முன்னால் அவள் பேச்சில் ஒரு வார்த்தையைத் திருத்தினேன். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்ற திமிர். அன்றிலிருந்து என் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள், பதில் சொல்வதில்லை. இதையும் திருத்த வேண்டுமா?

மூடிதானே.

ஏப்ரல் 17

வலது கண் சிவந்திருக்கிறது. கழற்றிவிட்டேன்.

ஏப்ரல் 19

கண்ணுக்குள் யாரோ மணலைப் போட்டு அரைக்கிறார்கள். வெளிச்சமே ஆகவில்லை. பக்கத்து மருந்தகத்தில் கொடுத்த சொட்டு மருந்து கேட்கவில்லை. அம்மா விடுதி வேலைக்குப் போகாமல் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு மருத்துவமனை. லென்ஸையும் டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார்கள்.

ஏப்ரல் 20

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 23

இடது கண்ணை மட்டும் திறந்துகொண்டு எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

டாக்டர் டப்பாவைத் திறந்தார். "உள்ள தண்ணி இருக்கே. யார் கழுவினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். பெருமையாக, நிமிர்ந்து உட்கார்ந்து.

"நான்தாங்க. இவ வேலைக்குப் போனதும் தினமும் நான்தான் கழுவி வைப்பேன். சும்மா மருந்துத் தண்ணிய ஆட்டி ஊத்திட்டுப் போயிடுவாங்க, சின்னப் புள்ளைங்க. நான் விடுதியில எரநூறு தட்டு கழுவறவ. டேங்க் தண்ணியில நல்லா அலசி, மூடி போட்டு வெப்பேன். இங்க கொண்டாறோமேன்னு இன்னிக்கும் லென்ஸை ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சுட்டுக் கழுவினேன்."

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அம்மா, குழாய்த் தண்ணியில ஒரு கிருமி உண்டு. குடிச்சா ஒண்ணும் பண்ணாது. லென்ஸுக்கு அடியில போச்சுன்னா கருவிழியத் தின்னும்" என்றார்.

"நான்தான் டாக்டர், லென்ஸோட குளிச்சேன்" என்றேன். பொய். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எழுதத் தொடங்கினார்.

வரும் வழியில் ஆட்டோவில் அம்மா கேட்டாள்: "நெசமா நீ குளிச்சியா?"

"ஆமாம்மா."

"எப்ப?"

எனக்கு ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. என்ன படிச்சு என்ன.

மே 6

மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. நானே விட்டுக்கொள்கிறேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்து "நேரமாச்சு பாப்பா" என்று மட்டும் சொல்கிறாள். பாட்டிலைத் தொடுவதில்லை.

மே 30

"சாதம் பிசைஞ்சு குடும்மா, எனக்குக் கண்ணு கூசுது" என்றேன். கரண்டியால் பிசைந்தாள்.

ஜூன் 14

பரிசோதனைக்குப் போனேன். வலது கண்ணால் மேல் வரிசையின் பெரிய எழுத்து ஒன்றுதான், அதுவும் பனிக்குள் நிற்பது போல. கருவிழியில் தழும்பாம்.

என்னை அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். மேற்பார்வையாளரே கூட்டிப்போய் இடம் காட்டினார். முதல் தடவையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பேசாமடந்தை என்றே கூப்பிட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 3

அம்மா விடுதி வேலையை விட்டுவிட்டாள். "கை வலிக்குது" என்கிறாள். கை வலித்து நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 4

இன்று சொல்லிவிட்டேன். "உனக்குத் தெரியாதும்மா. மூடியிருந்ததைப் பாத்தும் நான்தான் சொல்லல."

"தெரியாததை எதுக்குடி தொட்டேன்?" என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 21

கிருமி போய்விட்டது, தழும்பு இருக்கும் என்றார் டாக்டர். வலது கண்ணுக்குக் கெட்டி லென்ஸ் கொடுத்தார்கள். கருவிழி மேடுபள்ளமாகிவிட்டதால் மெத்தென்ற லென்ஸ் இனி உதவாதாம். அந்த அக்கா விதிகளை முதலிலிருந்து சொன்னார். அம்மா அறைக்கு வெளியே நின்றுகொண்டாள்.

லென்ஸ் போட்டதும் இன்னும் நான்கு வரிசை கீழே வரை படிக்க முடிந்தது. பழைய வேலைக்குப் போதாது. பேருந்து எண் படிக்கப் போதும்.

டிசம்பர் 8

காலையில் லென்ஸ் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மண்டிபோட்டுத் தடவினேன். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தரையே புகைதான்.

"அம்மா."

வந்தாள். வாசலோடு நின்றுவிட்டாள்.

"மேசைக் காலுக்கு இந்தப் பக்கம் மினுங்குது. இல்ல, இன்னும் கொஞ்சம். அங்கதான்."

"நீயே எடுத்துக் குடேன்."

"வேணாம் பாப்பா. உன் கைக்குக் கிட்டத்தான் இருக்கு."

எடுத்தேன். விழுந்ததை அப்படியே போடக் கூடாது. லோஷனில் தேய்த்து அலசி, புது லோஷனில் ஊறவைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

அம்மா இன்னும் வாசலில்தான் நின்றாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.