துரையின் கழுத்துக் குட்டை

தோணிரேவு
பிரமாதீச வருஷம், ஆவணி 8 (இங்கிலீஷ் 1793)

சென்னப்பட்டணத்தில் துபாஷி உத்தியோகம் பார்க்கும் என் தங்கை புருஷர் தெய்வசிகாமணிக்கு, படகுத் தண்டல் சுப்பராயலு எழுதுவது. இங்கு பழவேற்காட்டுப் பக்கம் மீனும் மனிதரும் சுகம்.

மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாளத்துக்கென்று நீர் அனுப்பிய உமது துரையின் சிவப்புக் கட்டம் போட்ட கழுத்துக் குட்டையில் மூக்கைச் சிந்திவிட்டேன். ஜலதோஷம், கைக்கு அகப்பட்டது அதுதான். துவைத்து அனுப்புகிறேன்.

இந்தக் குட்டைக்கு இங்கிலீஷில் ‘புலிகட்’ என்று பேர் வந்தது எப்படி என்று துரை புத்தகம் எழுதுகிறாராம். பழவேற்காட்டை அவர்கள் வாயில் போட்டு மென்றால் அப்படித்தான் வரும். ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து மூட்டை ஏறியது, ஊர்ப்பேர் துணிக்கு ஒட்டிக்கொண்டது. தீர்ந்தது. இதற்கு ஒரு புத்தகம், அதற்கு ஒரு துரை, அவருக்கு ஒரு நீர்.

உம் பாட்டனார் தேசப்பன் முதல் குட்டையை ஒல்லாந்துத் துரையின் கழுத்தில் தம் கையால் கட்டி, அதற்குப் பேரும் வைத்தாராம். அதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் குட்டை கட்டியதை நானும் பார்த்திருக்கிறேன். இடுப்பில். சென்னாக்குன்னிப் பொடி இறால் முடிந்துவைக்க. அந்த நாற்றத்துக்குக் கோட்டைக் காவல்காரன் நூறடிக்கு அப்பாலேயே விரட்டுவான்.

தங்கை கோவிந்தம்மா இங்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. எப்போது அனுப்புவீர்?

சுப்பராயலு

சென்னப்பட்டணம்
ஆவணி 20

மச்சானுக்கு,

நையாண்டி போதும். கதை பிடித்துப்போய்த்தான் துரை என்னைப் பெரிய துபாஷி ஆக்கப் போகிறார். உமது கையெழுத்து வந்தால் உம் தங்கை பிறந்த வீட்டுக்கு வருவாள். வராவிட்டால் அவளுக்கு அண்ணனே இல்லை.

உமது கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். “எங்கண்ணன் வாயத் தொறந்தாலே பொய்தான், இதுக்கு மட்டும் இன்னா நோவு வந்துச்சின்னு கேளு” என்கிறாள்.

குட்டை பத்திரம். அசல் பழவேற்காட்டுச் சரக்கு என்று துரை அதை ஊரெல்லாம் காட்டுகிறவர்.

தெய்வசிகாமணி

தோணிரேவு
புரட்டாசி 3

மாப்பிள்ளைக்கு,

தங்கை கேட்டது நியாயம். நாளெல்லாம் சும்மா சொல்கிற பொய்யை அவளுக்காக ஒரு தரம் சொன்னால் குறைந்துபோக மாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கழுத்தில் கட்டியதை மூன்று வயதில் என் கண்ணால் பார்த்ததாகவும், ஒல்லாந்துத் துரை ஆனந்தத்தில் அழுததாகவும் என் பங்குக்குச் சேர்த்திருக்கிறேன். அழுதிருப்பார், அந்த நாற்றம் அப்படி.

காகிதம் என் மடியில் இருக்கிறது. பௌர்ணமியன்று எண்ணூருக்குப் படகு கொண்டு வருகிறேன். கோவிந்தம்மா ஏறி உட்கார்ந்ததும் உம் ஆள் கையில் கொடுப்பேன். குட்டையும் அப்போதுதான்.

அதைத் துவைத்தேன். ஒரே அலசலில் பாதிச் சிவப்பு தண்ணீரோடு போய்விட்டது. நம் ஊர்ச் சாயவேர்ச் சிவப்பு, துணி கிழிந்தாலும் போகாது. நெசவாளர் நாலு பேரிடம் காட்டினேன். இது பழவேற்காட்டுத் துணியே இல்லையாம்.

சுப்பராயலு