ஒரே பக்கம் பார்க்கும் பன்னிரண்டு மயில்கள்

என் ஆசை ராஜம் அக்காவுக்கு,

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட உன் தம்பி கோபால் எழுதுவது. வருகிற சனிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். நீ ஆரம்பித்த பூத்தையல் சங்கத்தில் அன்றைக்கு உனக்கு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கடிதம் எழுதி வாசிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் என்னைவிட்டால் எழுதத் தெரிந்தவன் யார் இருக்கிறான்?

முதலில் இங்கத்திச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. ஊருக்குப் போன் பேச இனிமேல் ரயிலேறி அம்பத்தூர் போக வேண்டியதில்லை. உனக்குப் பிறகு கோமதிதான் சங்கத்துத் தலைவி. திருநெல்வேலிக்காரி, கெட்டிக்காரி, அதில் ஒன்றும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மணி என்றால் மூன்று மணி. ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு. நான் நாற்பது வருஷம் வேலை பார்த்த பேக்டரியில் கூட இந்தக் கொடுமை கிடையாது அக்கா. சரி, முப்பத்து நாலு வருஷம்.

போன வருஷம் உன்னை வழியனுப்ப ஆயிரம் பேர் வந்தார்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருநூறு பேர் கட்டாயம் வந்தார்கள். திருமுல்லைவாயிலிலிருந்து, அண்ணனூரிலிருந்து எல்லாம் வந்தார்கள். சங்கத்துப் பெண்கள் கையில் பூவோடு வரிசையாக நின்றார்கள். அதில் முன்னால் நின்றவள் கன்னியம்மா.

கன்னியம்மாவை நீ கூட்டிக்கொண்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணனூர் ரயில்வே ஷெட்டுக்குப் பின்னால் அவள் வீடு. இந்த குவார்ட்டர்ஸ் எழும்புவதற்கு முன்னால் இங்கே வயலாக இருந்ததாம், அவள் அம்மா இதே மண்ணில் நாற்று நட்டவளாம். வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. ‘வெளி ஆளைச் சேர்ப்பது சட்டத்தில் இல்லையே’ என்று சில பேர் முணுமுணுத்தார்கள். நீ ஒன்றும் வாதாடவில்லை. அவள் பூ போட்ட தலையணை உறையை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, எல்லார் மடியிலும் ஒரு சுற்று அனுப்பினாய். ஒரு முடிச்சு இல்லை, ஒரு நூல் தொங்கவில்லை. முன்பக்கம் எது என்று என் பெண்டாட்டி சுலோவே தடுமாறினாள். அதோடு முணுமுணுப்பு நின்றது.

நின்றது என்றுதான் நானும் நினைத்தேன்.

சங்கத்து மன்றத்தின் மேடைக்கு ஒரு திரை வேண்டும், அதில் மயில்கள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும் என்று நீ வரைந்து வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? அதை இந்த நினைவு நாளுக்குள் முடித்துவிடுவது என்று தீர்மானம் போட்டோம். பன்னிரண்டு சதுரம், சதுரத்துக்கு ஒரு மயில். பன்னிரண்டு பேர் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பூ போட்டு வரவேண்டும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் ஆறு ஜோடி. துணியில் அச்சு எடுக்கிற வேலை என்னுடையது. இருக்காதா பின்னே? இரும்புத் தகட்டில் கோடு கிழித்தே வயதைத் தொலைத்தவன் நான். நான் கோடு போட்ட ராணுவ டாங்கி பாலைவனத்தில் ஓடுகிறது. துணியில் ஒரு மயிலை இறக்க எனக்குத் தெரியாதா?

அந்த வேலை உனக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மெல்லிய தாளில் படத்தை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் பொடிப்பொடியாக ஓட்டை போடவேண்டும். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் தடவினால் படம் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கிவிடும். ஆறு மயில் இறக்கிய பிறகு தாளை இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்து, காயவைத்து, திருப்பிப் போட்டு மற்ற ஆறை இறக்க வேண்டும். அப்போதுதான் இவை வலது பக்கமும் அவை இடது பக்கமும் பார்க்கும். துடைக்காமல் திருப்பினால் துணி முழுக்க நீலம் அப்பிக்கொள்ளும். தாளின் முனையைப் பிடிப்பதும், துடைப்பதும், திருப்புவதும் கன்னியம்மாவின் வேலை என்று நீ இருந்த காலத்திலேயே ஏற்பாடு.

அச்சு எடுத்த அன்றைக்குச் சங்கத்து ஆட்களில் நானும் கன்னியம்மாவும்தான் மன்றத்தில் இருந்தோம். என் பழைய பேக்டரி சிநேகிதர்கள் இரண்டு பேரை, ‘வந்து பாருங்கடா என் கைவேலையை’ என்று நானே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் கை பாட்டுக்கு ஓடியது. ஆறு முடிந்ததும் கன்னியம்மா முனையை விட்டுவிட்டாள்.

“அண்ணாத்தே, இருங்க. தாளத் தொடச்சித் திருப்பணும்.”

“எல்லாம் திருப்பியாச்சு. நீ பிடி.”

“எங்க திருப்புனீங்க? நான்தான புட்ச்சிகினு கீறேன்? மயிலு இன்னும் அந்தாண்டதான் பாக்குது.”

என் சிநேகிதன் ஒருவன் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. “டாங்கிக்கே கோடு போட்டவன்கிட்ட வந்து வலம் இடம் சொல்லித் தர்றியா? பிடிம்மா தாளை!” என்றேன். அவள் பிடித்தாள். பன்னிரண்டும் இறங்கின. அச்சுப் பிசகாமல், மிக அழகாக, பன்னிரண்டும் ஒரே பக்கம் பார்த்து.

இரண்டு மாதம் கழித்து சதுரங்கள் வந்து சேர்ந்தன. வேலை பிரமாதம் அக்கா, அதை மிகைப்படுத்திச் சொல்லவே முடியாது. சங்கிலித் தையலில் கழுத்து, காம்புத் தையலில் தோகை. தரையில் ஜோடி சேர்த்து விரித்தோம். ஒரு மயிலின் வாலைப் பார்த்து இன்னொரு மயில், அதன் வாலைப் பார்த்து அடுத்தது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற வரிசை மாதிரி.

“அச்சு எடுத்தது யாருன்னு கேக்கேன், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கியளே?” என்றாள் கோமதி.

“மாஸ்டர்தான் எடுத்தாரு. ஆனா தாளைத் திருப்புறது கன்னியம்மா வேலை” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அதான பாத்தேன். அண்ணாச்சி தப்பு செய்வாவளா? இதுக்குத்தான் நம்ம குவார்ட்டர்ஸ் ஆளுக மட்டும் போதும்னு தலையால அடிச்சிக்கிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவகிட்ட வலம் எது இடம் எதுன்னா, என்ன தெரியும்?”

கன்னியம்மா என்னைத்தான் பார்த்தாள். கோமதியை இல்லை, பின்னாலிருந்து பேசினவளை இல்லை, என்னை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “மயில் எந்தப் பக்கம் பார்த்தா என்ன, மழை வந்தா ஆடப் போகுது!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் தன் ஊசிப் பெட்டியையும் துணி மாட்டும் வளையத்தையும் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இனிமேல் வெளி ஆட்களைச் சேர்ப்பதில்லை என்று எழுதித் தகவல் பலகையில் ஒட்டியும் விட்டார்கள்.

ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று கேட்பாய். நானும் என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பேக்டரி வாசலில் என்னை இப்போது யாருக்கும் தெரியாது. கேட்டில் இருக்கும் புதுக் காவலாளி, ‘பெரியவரே, ஓரமாப் போங்க’ என்கிறான். இந்த மன்றத்தில் மட்டும்தான் இன்னும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். அதையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இது ஒரு காரணமா? எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

எரிச்சல் உன்மேலும்தான் அக்கா. பன்னிரண்டு பெண்களையும் ஒரே பாயில் உட்காரவைக்கிற வித்தையை யாருக்கும் சொல்லித் தராமல் போய்விட்டாயே. இப்போது இரண்டு பாய். கன்னியம்மாவுக்குப் பிறகு சேர்ந்து, திருமுல்லைவாயில் பக்கத்திலிருந்து வருகிற மூன்று பேர் ஜன்னலோரம் தனியாக உட்கார்கிறார்கள். நூல் கண்டு கேட்டால் கூட நடுவில் என்னைத் தூது விடுகிறார்கள். நானும் சிவப்பு நூலையும் பச்சை நூலையும் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கிறேன், வாயில் கொழுக்கட்டையோடு.

சுலோவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கா தெரியாது? போன வாரம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, ரயில்வே கேட்டு, தண்ணி டேங்கு, பிள்ளையார் கோயில் தோரணம், ஆவடியில என்ன இருந்தாலும் நான்தான் செஞ்சேன்னு சொல்ற மனுஷன் நீங்க. நிஜமாவே நீங்க செஞ்சதை மட்டும் ஏன் அடுத்தவ பேர்ல எழுதி வெச்சிருக்கீங்க?”

மறுநாள் காலையில் அண்ணனூருக்கு ரயிலேறினேன்.

கன்னியம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “வாங்க அண்ணாத்தே, இன்னா இம்மாந்தூரம்? சுலோ அக்கா நல்லாக்கீறாங்களா?” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்து ஆரம்பித்தேன். வெயிலில் கண் கூசியது என்றேன். தாள் மட்டமான தாள் என்றேன். ஃபேன் காற்றில் தாள் படபடத்ததில் திருப்பினேனா இல்லையா என்றே தெரியவில்லை என்றேன்.

“அன்னிக்குக் கரண்டே இல்ல அண்ணாத்தே. ஃபேன் எப்டி சுத்தும்?”

“நீ அன்னைக்கே எழுந்து சொல்லியிருக்கலாமே, கன்னியம்மா?” என்றேன்.

“நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க சொன்னா நம்புவாங்க. அதுக்குத்தான் ஒங்க மூஞ்சியவே பாத்துகினு நின்னேன்.”

“தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடும்மா.”

“இத எங்க ஊட்டாண்ட வந்து சொல்றீங்களே? இது எனக்குத் தெரிஞ்ச சேதிதானே? தெரியாதவங்க அங்க ஒக்காந்துகினு கீறாங்க, அவங்களாண்ட போய்ச் சொல்லுங்க.” உலர்த்திய துணியின் முனையை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். “எங்க தெருவுல ரெண்டு பொண்ணுங்க சங்கத்துல சேரணும்னு கேட்டுகினே கீதுங்க. இன்னா பதில் சொல்றது அதுங்களுக்கு? எனக்கு ஊசி புடிக்கத் தெரியும், இந்த வாசல்ல குந்திகினு கூடப் பூ போட்டுக்குவேன். அதுங்க பாவம்.”

காபி கொடுத்தாள். குடித்தேன். சனிக்கிழமை வருவாயா என்று கேட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா, உனக்காக நான் முதலில் எழுதிய கடிதம் வேறு. ஆறு பக்கம். அதில் உன்னைப் பற்றி ஒரு பக்கம், என்னைப் பற்றி ஐந்து பக்கம். மயில் என்ற வார்த்தையே கிடையாது. ரயிலில் திரும்பி வரும்போது அதைக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டேன். இது இரண்டாவது.

கோமதி, நீயும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். நடுவில் காபி போடுகிற சாக்கில் எழுந்து போகாதே. தாளைத் திருப்பச் சொன்னவள் கன்னியம்மா. திருப்பாமல் அச்சு எடுத்தவன் நான். எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான், வலம் இடம் தெரிந்தவள் அவள். பலகையில் ஒட்டியிருக்கிற தாளை நீ கழற்றுகிறாயா, நான் கழற்றட்டுமா? என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதா வேண்டாமா என்பதை நீங்களே கூடிப் பேசிக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் பார்க்க வேண்டிய ஆறு மயில்களைப் போட்ட ஆறு பேரும் அந்தச் சதுரங்களை என்னிடம் கொடுங்கள். வைதுவிட்டே கொடுங்கள், தப்பில்லை. இரண்டு மாத வேலை, எனக்குத் தெரியும். பிரிக்கிற வேலை என்னுடையது. துணியில் பொத்தல் விழாமல் ஒவ்வொரு நூலாக நானே பிரித்து, துவைத்து, நீலம் போக அலசித் தருகிறேன். மறுபடி அச்சு எடுக்கிற நாளில் கன்னியம்மா மனசு வைத்து வந்தால் பஞ்சு அவள் கையில், தாளின் முனை என் கையில். அவள் வராவிட்டால், வேறு யார் எடுக்கவேண்டும் என்று அவள் சொல்கிறாளோ அவர் எடுக்கட்டும். திரை இந்த வருஷம் தொங்காது அக்கா. வெறும் மேடையில்தான் உன் படத்தை வைக்கப் போகிறோம். கோபித்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மன்றத்தின் நடுவில் நின்று இதை வாசிப்பேன். வெயிலைச் சொல்ல மாட்டேன், தாளைச் சொல்ல மாட்டேன், டாங்கியைச் சொல்ல மாட்டேன். யாராவது சிரித்தால் பதிலுக்கு ஒன்று சொல்லிச் சிரிக்க வைக்கவும் மாட்டேன். எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காமல் வாசித்து முடித்து உட்கார்ந்துவிடுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவன்,
கோபால்