மைக்கில் சொன்னது

நவம்பர் 16, ஞாயிறு

விடியும்போதே மழை. குடோன் மூலையில் ஒழுகல். தார்ப்பாயை இழுத்துப் போட்டு, அரிசி மில்லிலிருந்து வந்த கோணிக் கட்டுகளை மேட்டில் ஏற்றினோம், நானும் கன்னியம்மாவும். கிழிசல் தைக்கிறவள். ஞாயிறு வராதே என்றால் கேட்பதில்லை. சணல் கோணி நனைந்து புழுங்கினால் அப்புறம் கேட்பாரில்லை.

குளித்துவிட்டு சபைக்கு. சாட்சி நேரத்தில் மைக்கைக் கையில் வாங்கினேன், மகள் ஷீபாவுக்காக. நேற்று அவள் போனில் சொன்னதிலிருந்து மனசு நிலையாக இல்லை. வெளிநாட்டில் அவள் நர்சு வேலை பார்க்கிற ஊரில் சண்டை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டதாம். சன்னலுக்கெல்லாம் மண் மூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். என்ன கோணி என்று கேட்டேன்.

"வெள்ள பிளாஸ்டிக்குப்பா."

"வெயில்ல பிஞ்சிக்கும். சணல் இருந்தா அத்த போடச் சொல்லு. வாய மடிச்சித் தெக்கணும், சும்மா கயிறு கட்டினா மண்ணு கொட்டிப்பூடும்."

சிரித்தாள். "நீ இங்க வந்து ஒரு கடை போடுப்பா."

மற்றவர்கள் சாட்சியில் "என் மகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. லாரி புக்கிங் மாதிரி, விவரம் முழுசாகச் சொன்னால்தான் கேட்ட மாதிரி இருக்கும். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தளம். கீழ்த் தளத்தில் எதிர்ப்பக்கத்து ஆட்களும் அடிபட்டுக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. என் மகளும் கூட இருக்கிற நர்சுகளும் டாக்டரும் மறைத்து வைத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கைகளைக் கர்த்தர் காக்க வேண்டும். ஒன்று விடாமல் சொன்னேன். பெண்கள் பக்கம் அழுகை. பெருமையாகத்தான் இருந்தது.

மத்தியானம் கறிக்குழம்பு. நல்ல தூக்கம்.

நவம்பர் 17, திங்கள்

மனைவி மேரியைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம். கலெக்டர் ஆபீஸில் மனு நாள். ஷீபாவை மீட்டுத் தரச் சொல்லி மனு. வரிசையில் நின்று நின்று கால் வீக்கம். மேரி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"பொண்ணு எங்க இருக்குது?" மேசைக்காரர்.

சொன்னேன்.

"அங்க யாருய்யா போகச் சொன்னா?"

"போகும்போது சண்டை இல்லீங்க சார்."

"சரி, மேல அனுப்பறோம். போன் வரும்."

மனுவில் ஒரு சீல். அவ்வளவுதான்.

திரும்பும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றுவிட்டது. போன். வெளிநாட்டு நம்பர். ஷீபா என்று எடுத்தால் ஆண் குரல். அந்த ஊரில் கொத்தனார் வேலை செய்கிறவராம், நம் பக்கத்து ஆள்.

"அண்ணே, திண்டிவனம் கோணிக்கடை அண்ணனா? உங்க சாட்சி இங்க எல்லார் போன்லயும் ஓடிக்கினு கீதுண்ணே."

"எந்த சாட்சி?"

"நேத்து சபையில பேசினீங்களே. லைவ்ல வந்துச்சே. நம்ம ஆளுங்க இங்க குந்திக்கினு பாப்பாங்க. எவனோ அத்த வெட்டி, கீழ இந்த ஊர் பாஷையில எழுத்து ஓட வுட்டு அனுப்பிட்டான். அழிக்கச் சொல்லுங்க, ஜல்தி."

லைவ். கேமரா இருப்பது எனக்குத் தெரியாதா? ஸ்டுடியோக்கார சாலமன் ஸ்டாண்டு போட்டு நிற்பதை வாராவாரம் பார்க்கிறேன். நடக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்து பார்ப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவன் எங்கே உட்கார்ந்து பார்க்கிறான் என்று யோசிக்கவில்லை. வியாபாரத்தில் இந்த வாயை இப்படித் திறந்திருந்தால் என்றைக்கோ தெருவுக்கு வந்திருப்பேன்.

மேரியிடம் சொல்லவில்லை. முறுக்கு விற்கிறவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு "தண்ணி வேணுமா பெரியவரே" என்றான்.

நவம்பர் 18, செவ்வாய்

கடை திறக்கும்போது ஷீபா போன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்பா, மைக்குல இன்னா சொன்ன?"

ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டிருக்கிறான். அவன் போனில் என் முகம், என் கட்டம் போட்ட சட்டை. பக்கத்தில் இரண்டு பேர். ஆஸ்பத்திரி ஆட்கள் இல்லையாம், பேசவே இல்லையாம். மேனேஜர் மட்டும் நயமாகப் பேசியிருக்கிறான். அப்பா தெரியாமல் உளறிவிட்டார், கீழே அப்படி யாரும் இல்லை என்று எழுதிக் கொடு, எல்லைக்குப் போகிற பஸ்ஸில் உனக்கு இடம் தருகிறேன் என்று.

"எழுதிக் குடுத்துட்டு வந்துடு பாப்பா."

பின்னால் யாரோ முனகுகிற சத்தம்.

"டியூட்டி இருக்குதுப்பா." வைத்துவிட்டாள்.

மேரியிடம் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. அழுவாள் என்று பார்த்தேன். உள்ளே போய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள், விளக்கி வைத்ததையே.

கன்னியம்மா கோணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு: "எதுக்கு மொதலாளி மைக்கப் புடிச்ச? வெலை கேட்டாலே வாய தொறக்க மாட்ட. சாமிகிட்ட மட்டும் அம்மாம் பேச்சா?"

கோபம் வந்தது. கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டேன்.

மில்காரனுக்குக் கட்டுக் கணக்கைத் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

நவம்பர் 19, புதன்

தூறல். பாஸ்டர் ரெயின்கோட்டோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கும் பயம். காபியை ஆற விட்டுவிட்டார்.

"பிரதர், வெளியூர்லேர்ந்து கண்டவனும் போன் பண்றான். ஒருத்தன் திட்றான், ஒருத்தன் ஜெபம் பண்றேன்றான். நமக்கு எதுக்கு இந்த பேஜாரு? நீங்க ஒரு சின்ன வீடியோல, நான் சொன்னது தப்புன்னு சொல்லிடுங்க. பாப்பாவுக்கும் நல்லது, சபைக்கும் நல்லது."

"சொல்றேன் பாஸ்டர்."

யோசிக்கவே இல்லை. பொய்தான். மகள் உயிருக்கு ஒரு பொய் சொல்லக் கூடாதா? சரக்குக்குச் சொன்னதில்லையா?

மேரி வாசல்படியிலேயே நின்றிருந்தாள். பாஸ்டர் "வர்றேன் சிஸ்டர்" என்றதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை.

வாங்க வேண்டியது: தார்ப்பாய்க்குக் கயிறு, சர்க்கரை மாத்திரை, மேரிக்குத் தலைவலித் தைலம்.

நவம்பர் 20, வியாழன், அமாவாசை

மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டம். பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம். செஞ்சி லாரி வரவில்லை, கடையில் வேலையும் இல்லை. சாலமன் ஸ்டுடியோவுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார வைத்து விளக்கைப் போட்டான்.

"நான் சபையில் சொன்னது தவறு. அந்த ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் இல்லை."

"அண்ணே, கண்ண சிமிட்டிக்கினே கீறீங்க. இன்னொரு தபா."

மறுபடி எடுத்தான். அதற்குள் எனக்கு வியாபாரக் குரல் வந்துவிட்டது. புழுங்கின கோணியைப் புதுசு என்று சொல்கிற குரல். சாலமன் "இது ஓகே" என்றான்.

பாஸ்டருக்கு அனுப்புமுன் ஷீபாவுக்கு அனுப்பினேன், சரியாக இருக்கிறதா பார் என்று. உடனே கூப்பிட்டாள்.

"அனுப்பிட்டியா? வேற யாருக்காவது அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அனுப்பாதப்பா. கேளு. நீ தெரியாமதான் சொன்ன. எனக்குக் கோவம்தான். ஆனா நீ சொன்னதுக்கப்புறம் அந்த ரெண்டு பேரும் கீழ எறங்கல. ஏன்னா வெளிய தெரிஞ்சிபோச்சு. இப்ப யாரும் இல்லன்னு நீயே சொல்லிட்டா, நாளைக்கு அங்க நெசமாவே யாரும் இருக்க மாட்டாங்க. புரியுதா?"

புரிந்தது. வேண்டாமென்று நினைத்தாலும் புரிந்துவிட்டது.

டாக்டரும் நர்சுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரி கேட்டில் ஒட்டிவிட்டார்களாம். உள்ளே இருப்பவர்கள் நோயாளிகள், இரண்டு பக்கத்தாரும். இங்கே சுடாதீர்கள். மருந்து வண்டியை விடுங்கள். சண்டையை நிறுத்துங்கள். இவள் பெயரும் அதில்.

"உன்ன நர்சு வேலைக்கு அனுப்பினேன். ஊசி போடு, கட்டு கட்டு. நோட்டீஸ் ஒட்ட உன்ன யாரு கூப்ட்டா?" கத்திவிட்டேன். சாலமன் கதவைச் சாத்தினான்.

"கட்டித்தான் அனுப்பறேன். அதே ஆளு மறுபடி வர்றான், வேற எடத்துல ஓட்டையோட. இல்லன்னா அவன் தம்பி வர்றான். வாய மூடிக்கினு எத்தினி தபாப்பா கட்டறது? இதுவும் என் வேலதான்."

"சம்பளமாவது குடுக்கறானா?"

"அது நின்னு ரொம்ப நாளாச்சு."

இதற்கும் சிரிக்கிறாள்! யாரிடமிருந்து வந்தது இந்தத் துணிச்சல்? என்னிடமிருந்து இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

பொய் வீடியோவை அனுப்பவில்லை. பாஸ்டருக்கு விஷயத்தைச் சொல்லலாமென்று கூப்பிட்டால் அவர் முந்திக்கொண்டார்: "ஞாயித்துக்கெழம வீடியோவ அழிச்சிட்டேன் பிரதர். நிம்மதியா இருங்க."

நிம்மதி.

சாயங்காலம் ஷீபாவிடமிருந்து குரல் பதிவு. மெதுவாகப் பேசுகிறாள். வீடியோ போய்விட்டதை மேனேஜர் எல்லோருக்கும் காட்டுகிறானாம், அவள் அப்பனே அழித்துவிட்டான் பாருங்கள் என்று. அந்த இரண்டு பேர் கீழ்த் தளத்துப் படி வரை வந்திருக்கிறார்கள். டாக்டர் குறுக்கே நின்றிருக்கிறார், வயசான மனுஷர். பின்னால் நர்சுகள். மறுபடி வருகிறோம் என்று சொல்லிப் போனார்களாம்.

கடைசியில்: "அப்பா, ஞாயித்துக்கெழம மறுபடி சொல்லு. இந்த தபா தெரிஞ்சே சொல்லு."

உள்ளதை எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். கீழே கிடக்கிறவன் எனக்கு யார்? பேர் தெரியாது, பாஷை தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் அந்த நோட்டீஸ் மழையில் ஊறிப்போகும், மேனேஜர் இரங்குவான், இவள் பஸ் ஏறுவாள். அவர்கள் போகட்டும், என் பிள்ளை வரட்டும். இப்படித்தான் நினைத்தேன். ரொம்ப நேரம் நினைத்தேன். படிக்கட்டில் நர்சுகள் நிற்கிற இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுபோகிறது. அந்த வரிசையில் இவள் முன்னால் நிற்கிறாளா, பின்னால் நிற்கிறாளா? சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 22, சனி

ஷீபாவுக்கு லைன் கிடைக்கவில்லை. காலை, மத்தியானம், இப்போதும்.

பாஸ்டரிடம் நேரில் போனேன். நாளைக்கு மைக் வேண்டும் என்றேன்.

"இந்த வாரம் சாட்சி நேரம் இல்ல பிரதர். பாட்டு, பிரசங்கம், அவ்ளோதான்."

"லைவ் உண்டா?"

"லைவ் உண்டு. நீங்க பேசறது இல்ல." எழுந்து கதவு வரை வந்தார். "எனக்கும் பிள்ளைங்க இருக்குது பிரதர்."

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன்.

வீட்டில் மேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மைக் தரமாட்டேன் என்கிறார், நான் என்ன செய்ய என்றேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள்.

"ரோட்டாண்ட நிக்கிற லாரிக்காரன குடோன்லேர்ந்து கத்திக் கூப்புடற ஆளு. உனுக்கு மைக்கு கேக்குதா?"

"சொல்லி, அவளுக்கு எதுனா ஆச்சின்னா?"

"ஆயிடுமோன்னுதான் நாலு நாளா சோறு எறங்காம கீறேன். அதுக்குன்னு பெத்த பொண்ணத் தனியா நிக்க வுடுவியா?"

கீரையில் பாதி பூச்சி.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். சபையில் கூட்டம் அதிகம். நான் என்ன செய்வேன் என்று பார்க்கவே வந்தவர்கள் சிலர்.

பாட்டு முடிந்து பிரசங்கத்துக்கு பாஸ்டர் புத்தகத்தைத் திறந்தார். எழுந்தேன். மேரி என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள், உட்கார வைக்கவா விழாமல் பிடிக்கவா தெரியவில்லை.

"போன வாரம் நான் சொன்னது நெசம்" என்றேன். மறுபடி சொன்னேன், பெரிசாக. "கீழ ஆளுங்க கெடக்கறாங்க. ரெண்டு பக்கத்து ஆளுங்களும். எம்பொண்ணு அவங்களுக்கு வைத்தியம் பாக்குது. அவங்கள யாரும் தொடக் கூடாது. மருந்து போகணும். சண்டை நிக்கணும். அத்த வாய தொறந்து கேக்கறது எம்பொண்ணோட வேலைன்னு எம்பொண்ணு சொல்லுது. நானும் கேக்கறேன்."

பாஸ்டர் சாலமனைப் பார்த்துக் கையை ஆட்டினார், நிறுத்து என்று. சாலமன் கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். கையாட்டலைப் பார்க்காத மாதிரி. நானும் பார்க்காத மாதிரி ஆஸ்பத்திரிப் பெயரை இன்னொரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. பின் வரிசையில் ஒரு பெண் மட்டும் சொன்னாள். பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஷீபா. லைன் கொரகொரவென்று.

"பாத்தோம்பா. எல்லாரும் சேந்து பாத்தோம். டாக்டருக்கு நான்தான் அவங்க பாஷையில சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"உங்கப்பாவுக்குக் கூட்டத்துல பேசற பழக்கம் உண்டான்னு கேட்டாரு."

சிரிக்க முயன்றேன். அதற்குள் அவள் பக்கம் கதவு தட்டுகிற சத்தம்.

"மேனேஜர் கூப்புடறாரு. எல்லாரையும். போய்ட்டு கூப்புடறேன்."

மத்தியானத்துக்கு முன்னால் அது. இப்போது தெருவில் விளக்கு போட்டுவிட்டார்கள். மேரி அடுப்பு பற்ற வைக்கவில்லை. பாஸ்டர் கூப்பிட்டார்: இன்றைய வீடியோவையும் அழித்துவிடவா பிரதர், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று.

வேண்டாம் என்றேன். வைத்துவிட்டு ஷீபா நம்பரை மறுபடி போடுகிறேன்.