எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள்

உன் சமையலறையில் தொங்கிய நாட்காட்டி இப்போது என் மேசையில் கிடக்கிறது. உங்கள் பங்குக் கோவிலில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கிற அதே நாட்காட்டிதான். மேலே மாதா படம், கீழே திருநாட்கள் சிவப்பு எழுத்தில். உன் மகள் அதைச் சுருட்டி றப்பர் வளையம் போட்டுத் தந்தாள். வட லண்டனில் உன் எட்மண்டனில் இருந்து தெற்கே என் சட்டன் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் விரித்ததும் வறுத்த மிளகாய்த்தூள் வாசம் எழும்பியது. அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கின கடதாசி அல்லவா, ஒரு மாதமாகியும் அந்த வாசம் போகவில்லை.

தை மாதத்தில் தொடங்கி ஆவணி நடுப்பகுதி வரைக்கும், ஏறக்குறைய எல்லா நாட்களின் கட்டத்திலும் பென்சிலால் சின்னதாக ‘ச’ என்று எழுதி வைத்திருக்கிறாய். அது என்னவென்று எனக்கு இப்போது தெரியும். அதைப் பற்றிப் பேசத்தான் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அப்போது வீம்பு விடவில்லை.

வெளியாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பதைத் தொட்ட இரண்டு பெண்கள் ஓர் இணையப் பக்கத்துக்காகச் சண்டை பிடித்துப் பேசாமல் இருந்தார்கள் என்றால் யார் நம்புவார்? அந்தப் பக்கமும் அப்படியொன்றும் பெரிதில்லை. பூசை எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்குத் திருமுழுக்கு, யார் காலமானார், எந்த வீட்டில் அறை வாடகைக்கு இருக்கிறது, அவ்வளவுதான். உன் வீட்டு மேல் அறையில் நான் குடியிருந்த காலத்தில் உனக்காகச் செய்து தந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் கிழமை முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவாய். சந்தேகம் வந்தால் கீழே இருந்தே கத்துவாய்.

“எடி, இந்த எழுத்து ஏன் திடீரெண்டு பெருக்குது? இறங்கி வா!”

நான் இறங்கி வருவேன். “சைவக்காரி வந்து எங்கட பங்கைக் காப்பாத்திறாள்” என்று உன் மகளிடம் சொல்லிச் சிரிப்பாய். நினைத்தபோது மட்டும் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலுக்குப் போய் வருகிற எனக்கு, உன்னைவிட உங்கள் பூசை நேரங்கள் மனப்பாடம்.

பிறகு நான் சட்டனுக்குப் போனேன். தனி வீடு வேண்டும் என்று அடம்பிடித்தவளும் நான்தான், போன முதல் கிழமையே அந்த வீட்டின் அமைதி தாங்காமல் வானொலியை இரண்டு அறையிலும் போட்டு வைத்தவளும் நான்தான். இரண்டாவதை உனக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் லண்டனின் தெற்கு முனையில் இருந்து வடக்கு முனைக்கு ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி வருவேன். பக்கத்தைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

என் வேலை உனக்குக் கடைசிவரை வேடிக்கைதான். இணையத்தில் சோபா விற்கிற ஒரு கம்பனி. அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் எங்கே தொடுகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், எந்த இடத்தில் அலுத்துப்போய் மூடுகிறார் என்று பார்ப்பது என் பிழைப்பு. வந்த பக்கத்தோடு, வேறெதையும் தொடாமல் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கிற அளவுக்குப் பெயர் பவுன்ஸ் ரேட். அதைக் குறைக்க வேண்டும். அது கூடினால் எங்கள் மனேஜரின் முகம் சுருங்கும்.

“எட்டிப் பாத்திட்டுப் போறவையை இழுத்து இருத்திறதுக்கு ஒரு உத்தியோகமோ?” என்று கேட்டாய். ஓம், அதுதான் உத்தியோகம் என்றேன்.

உன் பக்கத்திலும் அந்தக் கணக்கைப் பார்க்கும் வசதியைப் பூட்டித் தந்தேன். எந்த ஊரில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை செக்கன் நின்றார்கள் என்று காட்டும். பார்த்தால் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. வருகிறவர்களில் பெரும்பாலானோர் வந்த கையோடு போய்விடுகிறார்கள். நான் சோபா விற்கிற இடத்தில் அப்படியொரு கணக்கைக் காட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்தை மாற்ற உன்னை மடக்க, அன்றைக்கு உன் பழக்கத்தையே எடுத்தேன். உன் வீட்டுக்கு வந்த எவரும் தேத்தண்ணி குடிக்காமல் போனதில்லை. கடிதம் கொடுக்க வந்த தபால்காரரைக்கூட ஒரு றோல்ஸ் கையில் திணித்துத்தான் விடுவாய். நீ மற்றவர் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். “சரி, வரட்டே?” என்று எழும்பி, வாசலில் சப்பாத்துப் போட்டபடி இன்னும் அரை மணித்தியாலம் கதைப்பாய்.

“வீட்டுக்கு வாற ஆளைத் தேத்தண்ணி குடுக்காமல் விடமாட்டாய். பக்கத்துக்கு வாற ஆளை மட்டும் வாசலோட அனுப்பிறியே?” என்றேன்.

நீ யோசித்தாய். பிறகு, “அதுவும் சரிதான். செய் பாப்பம்” என்றாய்.

செய்தேன். கெட்டிக்காரத்தனம் எல்லாவற்றையும் காட்டினேன். முகப்பில் திருநாள் படங்கள். ஒரு மரண அறிவித்தலைத் தொட்டால் முதலில் அவருடைய படம், பிறகு அவருடைய வாழ்க்கை, ‘மேலும் வாசிக்க’, பிறகு உறவினர் பெயர்கள், இன்னொரு ‘மேலும் வாசிக்க’, எல்லாவற்றுக்கும் கீழே நேரமும் இடமும். ஆட்கள் தேடி வருவது நேரத்தையும் இடத்தையும்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கடைசியில் வைத்தேன். எங்கள் தொழிலில் அது சாதாரண வித்தை. இரண்டு கிழமையில் பவுன்ஸ் ரேட்டைக் காட்டுகிற கோடு சரசரவென்று இறங்கியது. நீ கேக் அடித்தாய். சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தோம்.

கார்த்திகையில் உங்கள் பங்கைச் சேர்ந்த மரியதாஸ் அண்ணைக்கு நடந்தது அதற்குப் பிறகு. அவருடைய சிநேகிதர் காலமாகியிருந்தார், சின்ன வயதில் இருந்து கூட இருந்த ஒரே ஆள். வழக்கமான கோவிலில் ஹீற்றிங் வேலை நடந்ததால் இறுதிப் பூசை வேறு கோவிலில். பக்கத்தில் போட்டிருந்தோம், மூன்றாவது தட்டலுக்குக் கீழே. அவர் சின்னத் திரையில் கண்ணை இடுக்கி வாசித்துப் பார்த்துவிட்டு, எல்லாப் பூசையும் நடக்கிற இடத்துக்கே போயிருக்கிறார். பூட்டின கதவுக்கு முன்னால் கோட்டும் சூட்டுமாக நின்றிருக்கிறார். யாரோ சொல்லி மற்றக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டி அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போய்விட்டது.

அவர் கோபிக்கவில்லை. உன்னிடம் வந்து, “பிள்ளை, நான் படிச்சுப் படிச்சுப் போனன், நேரம் வரேல்ல” என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் நீ எனக்குப் போன் எடுத்தாய். உன் குரலில் நான் அதுவரை கேட்காத ஒன்று இருந்தது.

“எடி, தேத்தண்ணி குடுக்கிறது வேற, வந்த ஆளின்ர செருப்பை ஒளிச்சு வைக்கிறது வேற. நாங்கள் செய்தது ரெண்டாவது. எல்லாத்தையும் பழையபடி மாத்து.”

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் அன்றைக்குத்தான் கந்தோரில் அதே வித்தைக்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள். என் வாழ்க்கையில் உருப்படியாக நான் செய்கிற ஒன்றே ஒன்றை நீ பிழை என்கிறாய் என்று பட்டது.

“ஒராள் வழி பிழைச்சுப் போனதுக்கு நான் என்ன செய்யிறது? என்ர வேலையை எனக்குப் படிப்பிக்காதை. நீ உன்ர சட்டி பானையைப் பார்.”

சொன்னேன். அந்தக் கடைசி வரியையும் சொன்னேன். இத்தனை வருடம் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட உன்னைப் பார்த்து.

“சரி, வை” என்றாய். ‘வரட்டே’ சொல்லாமல் நீ போனை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாள் காலை பக்கத்தைத் திறந்தேன். நீயே மாற்றியிருந்தாய், ஒற்றை விரலால். படங்கள் இல்லை. முதல் வரியில் நேரம், இரண்டாம் வரியில் கோவில், மூன்றாம் வரியில் போஸ்ட்கோட். எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருந்தது. என்னை இறங்கி வரச்சொல்லிக் கத்தவில்லை. பாஸ்வேர்டையும் மாற்றியிருப்பாய் என்று நானே முடிவு கட்டினேன். போட்டுப் பார்க்கவில்லை.

அன்றில் இருந்து சனிக்கிழமைகள் எனக்கு நீண்டுபோயின. முதலில் அவள் எடுக்கட்டும் என்று இருந்தேன். ஆனால் கந்தோருக்கு வெளிக்கிட முதல், ஒவ்வொரு நாளும் உன் பக்கத்தைத் திறப்பேன். திகதி புதிதாக இருக்கிறதா, நீ எழுதியிருக்கிறாயா என்று பார்ப்பேன். இருக்கும். மூடிவிடுவேன். நாலைந்து செக்கன். இப்படி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் வருடக் கணக்காகத் தோல்வி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் தலை தூக்க முடியவில்லை. கதவைத் தட்டவும் ஆளில்லை, தண்ணீர் தரவும் ஆளில்லை. நாலாம் நாள் பக்கத்தைத் திறந்தபோது, பூசை நேரத்துக்கும் மேலே ஒரு புது வரி இருந்தது. ‘தனியே இருந்து சுகமில்லாமல் இருப்பவர்களுக்காக இன்றைய பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது.’ பங்கில் யாருக்கோ சுகமில்லை என்று நினைத்து, யாராக இருக்கும் என்று ஒரு கணம் யோசித்து, மூடினேன்.

ஆனியில் சனிக்கிழமைத் திருத்தங்கள் ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போயின. ஆடியில் எழுத்துப் பிழைகள் கூடின. யாரோ ஒருவர் ஒரு சோபாவின் விலையைப் பார்த்துத் தயங்கினால் அதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். நீ தளர்ந்துகொண்டிருந்ததை ஒவ்வொரு காலையும் பார்த்துவிட்டு, அவளுக்கு இப்போது இதில் கவனமில்லை என்று நினைத்தேன்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை. முதல் வரியில் நேரம். இரண்டாம் வரியில் கோவில். மூன்றாம் வரியில் போஸ்ட்கோட். அதற்குக் கீழே உன் பெயர்.

எதையும் தட்ட வேண்டியிருக்கவில்லை, எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் உடனே தெரிந்தது. அந்த ஒரு நாள் மட்டும், யாராவது அந்த நேரத்தை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பூசைக்கு நேரத்தோடு வந்தேன். மரியதாஸ் அண்ணை எனக்கும் முதலே வந்து முன் வாங்கில் இருந்தார். முடிந்து வெளியே வந்தபோது உன் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். உன்னைப் போலவே இறுக்கமாக.

“அன்ரி, யூ ஆர் சட்டன், ரைட்?”

எனக்கு விளங்கவில்லை. ஓம் பிள்ளை, சட்டனில்தான் இருக்கிறேன் என்றேன்.

“நோ அன்ரி. அம்மா எவ்ரி மோர்னிங் அந்த ரிப்போர்ட் பாப்பா. சட்டன், ஒண்டு எண்டு வரும். ‘வந்திட்டாள், எட்டிப் பாத்திட்டுப் போட்டாள்’ எண்டு சொல்லி, கலண்டரில ‘ச’ எண்டு போட்டிட்டுத்தான் ரீ குடிப்பா. ஹொஸ்பிற்றலில கூட என்னைப் பாக்கச் சொன்னவா.”

அம்மா ஏன் எனக்கு ஒரு போன் எடுக்கவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு வாயிருந்தது பார்.

“நான் சொன்னனான் அன்ரி. அம்மா சொன்னவா, ‘அவள்தான் ஒவ்வொரு நாளும் வாறாளே, ஒரு நாளைக்கு உள்ள வருவாள்’ எண்டு.” பிறகு, “பக்கத்தை நீங்களே பாருங்கோ. பாஸ்வேர்ட் தெரியும்தானே, பழையதுதான்” என்றாள்.

பழையதுதான். ஒன்பது மாதமாகக் கதவைச் சாத்தாமல்தான் இருந்திருக்கிறாய். நான்தான் வெளியே நின்று, பூட்டியிருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாட்காட்டியில் வைகாசி மாதத்தைப் பார்க்கிறேன். அந்த மூன்று நாள் கட்டங்களிலும் ‘ச’ இல்லை. மூன்றாவதில் ஒரு கேள்விக்குறி, பென்சில் கடதாசியைக் குத்திய அளவுக்கு அழுத்தமாக. நாலாம் நாளில் ‘ச’ திரும்ப வந்திருக்கிறது, மற்றவற்றைவிடப் பெரிதாக. அந்தப் பூசை எனக்குத்தான் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. யாராக இருக்கும் என்று யோசித்தேனே, எடி, அது நான்தான்.

சனிக்கிழமைகளில் இப்போது நான் எழுதுகிறேன். முதல் வரி நேரம், இரண்டாம் வரி கோவில், மூன்றாம் வரி போஸ்ட்கோட். எழுத்து சில இடங்களில் பெருக்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறேன். கந்தோரிலும் விலையையும் அளவையும் மேலே கொண்டுவரச் சொல்லி மனேஜரோடு மல்லுக்கட்டுகிறேன். கோடு ஏறுகிறது, அவர் முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

இன்று காலையும் உன் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். பிறகு அறிக்கையைத் திறந்தேன். சட்டன், ஒன்று, ஐந்து செக்கன். வந்திட்டாள் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் யாருமில்லை. பென்சிலை எடுத்து இன்றைய கட்டத்தில் நானே ‘ச’ எழுதினேன்.

நாளைக்கும் எழுதுவேன். இப்போது பஸ்ஸுக்கு நேரமாகிறது. எழும்பிச் சப்பாத்தும் போட்டுவிட்டேன், ஆனாலும் உன்னைப் போல வாசலில் நின்று கதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, வரட்டே?