பத்து வீட்டுக்கு வெள்ளையடித்தவன்

ஞாயிறு காலை

அன்புள்ள வீட்டு அதிகாரிக்கு,

உன் பெயிண்டர் எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஏணியிலிருந்து இன்னும் விழவில்லை. இதை நலம் என்று எடுத்துக்கொள். போனில் நாம் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினால், நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் அந்தப் படுக்கை அம்மாவின் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்றாயே, அன்றிலிருந்து விவரமெல்லாம் கடிதத்தில்தான்.

உன் கடிதம் வந்தது. நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். கையெழுத்துதான் இந்தத் தடவையும் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தவள் நீ. பேனா சரியில்லையா, இல்லை என்னோடு போட்டியா?

இப்போது பெரிய செய்தி. பழைய பஸ் பணிமனை இருந்த இடத்தில், குறைந்த வாடகைக்கு நூற்றறுபது வீடு கட்ட நம் மாநகராட்சி மாநில அரசிடம் மானியம் கேட்டிருந்தது அல்லவா? அந்த மனு முதல் சுற்றில் தேறிவிட்டது! வீட்டுவசதிப் பிரிவில் இருக்கும் கண்ணாடிக்கார அம்மா நம் சந்துக்கே வந்து சொன்னார். இரண்டு வருஷமாக அந்த மனுவோடு மல்லுக்கட்டுகிறவர் அவர்தான். கேட்கிற ஊர்கள் நிறைய, பணம் நாலு ஊருக்குத்தானாம். மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பார்களாம். வருகிற புதன்கிழமை தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து பத்து வீடுகளைப் பார்க்கப் போகிறார். பத்தும் நம் சந்தில். அதில் ஒன்று நம் அறை. மானியம் கிடைத்தால் அந்தப் பத்துப் பேருக்குத்தான் முதல் சாவிகள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஓதம் பிடித்த அறையில் பிள்ளையை வைத்திருந்தால் மூச்சிரைப்பு போகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, வாலு உன் அக்கா வீட்டில், அவள் மருந்துச் செலவுக்காக நீ யாரோ ஓர் அம்மாவின் கட்டில் ஓரத்தில், நான் இங்கே என்று மூன்று பேர் மூன்று ஊரில் கிடக்கிறோம். ஒரே ஒரு காய்ந்த சுவர் இருந்தால் போதும், நீ இங்கே இருப்பாய்.

வாலுவுக்கு போன் போட்டேன். புது வீட்டில் தன் பக்கத்துச் சுவருக்கு மஞ்சள்தான் வேண்டுமாம். ஒரு பெரிய பங்களா வேலையில் மீந்த மஞ்சள் டின் ஒன்றை அவளுக்கென்று மூடி போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

கண்ணாடிக்கார அம்மா கிளம்பும்போது, "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், நல்ல மனசு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்காக நாம் அப்படியே விட்டுவிட முடியுமா?

உன் பெயிண்டர்

புதன் மாலை

அன்புள்ள என் வீட்டு அதிகாரிக்கு,

வந்தார், பார்த்தார், போனார். நடந்ததை ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை. நம் அறையில் பொரிந்து நின்ற சுண்ணாம்பையெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை பட்டி பூசிச் சமன் செய்து, பிரைமர் கொடுத்து அடித்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் வீட்டுக்கு நான் அடித்த முதல் வெள்ளை. நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்! அதைப் பார்த்த நாலாம் நம்பர் அயர்ன்காரர், எங்கள் வீடு மட்டும் அசிங்கமாக இருந்தால் எப்படி என்று பிடித்துக்கொண்டார். அப்புறம் வரிசையாகப் பத்து வீடும். ஆளுக்கொரு தூரிகை கொடுத்து வேலை வாங்கினேன். கடைசி வீட்டுக்குச் சாமான் போதாமல் வாலுவின் மஞ்சளைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அவளிடம் சொல்லிவிடாதே, வேறு டின் தேடிக்கொள்ளலாம்.

அதிகாரி நல்ல மனிதர். நம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "சுவரெல்லாம் நல்லா வச்சிருக்கீங்களே!" என்றார். இருபது வருஷமாகச் சுவர் அடிக்கிறேன், ஒருவரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிள்ளை எங்கே என்று கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் நம் கஷ்டத்தையெல்லாம் கொட்டுவானேன் என்று, படிப்புக்காகப் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள் என்றேன். நீ எங்கே என்றதற்கு, நல்ல இடத்தில் வேலை, சௌகரியமாக இருக்கிறாள் என்றேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார், போட்டோவும் எடுத்தார்.

ஒன்றுதான் புரியவில்லை. கண்ணாடிக்கார அம்மா அவர் பின்னாலேயே வந்தார். ஏழாவது வீட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது.

உன் பெயிண்டர்

மழை விட்ட மறுநாள்

அன்புள்ளவளுக்கு,

ஒரு மாதமாக உனக்கு எழுதவில்லை. போனில் கிடைத்த ஒரு நிமிஷத்திலும் வானிலையைத்தான் பேசினேன். சொல்ல வாய் வரவில்லை.

மானியம் நமக்கு இல்லை. நாலு மதிப்பெண்ணில் போய்விட்டது.

விவரம் கேட்க மாநகராட்சிக்குப் போனேன். கண்ணாடிக்கார அம்மா என்னை உட்காரவைத்து, மதிப்பெண் தாளைத் திருப்பிக் காட்டினார். நிலம், வரைபடம், மாநகராட்சி போடும் பங்குப் பணம் என்று எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். தற்போதைய வீடுகளின் நிலை என்ற இடத்தில் முப்பதுக்கு ஒன்பது. வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண்ணாம். பக்கத்தில் அதிகாரி கைப்பட எழுதியிருந்தார்: சுவர்கள் நல்ல நிலையில் உள்ளன, பராமரிப்பு திருப்தி, ஈரத்தால் நோய்வாய்ப்பட்ட குழந்தைகள் எவரும் வீடுகளில் இல்லை.

அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "என் மேலதாங்க தப்பு, ஏன் எதுக்குன்னு விளக்கிச் சொல்லியிருக்கணும்" என்றார். நான் செய்ததற்கு அவர் பழியை எடுத்துக்கொள்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதோடு நான் விடவில்லை. போன வாரம் பிடித்த மழையில் நம் சுவர் பழையபடி ஊறிவிட்டது. பட்டி வட்டம் வட்டமாக எழும்பி, தொட்டால் கையோடு வருகிறது. ஓதத்தின் மேல் அடித்தால் நிற்காது என்று ஊரிலிருக்கிற வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சொல்கிறவன் நான். உதிர்ந்ததைக் காகிதப் பையில் அள்ளிக்கொண்டு மறுபடி போனேன். வெள்ளையடித்தது நான்தான், பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருப்பதை மறைத்ததும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்த அம்மா பையைத் திறந்து பார்த்தார். தலைமை அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதிவிட்டாராம். போட்டோ கோப்பில் இருக்கிறது, முடிவு முடிவுதான் என்று பதில் வந்ததாம். இனி மானியத்துக்கு மனு வாங்குவது மூன்று வருஷம் கழித்துத்தானாம். வாலுவுக்கு அப்போது பன்னிரண்டு ஆகிவிடும்.

சந்தில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் சுவரை அடிக்கச் சொன்னது நாங்கள்தானே என்கிறார் அயர்ன்காரர். அவர் வீட்டிலும் இந்த மழையிலிருந்து ஒரு கைக்குழந்தை இருமிக்கொண்டிருக்கிறது. அவர் வாசலைத் தாண்டும்போது நான் வேகமாக நடக்கிறேன்.

நேற்று வாலு போனில், "என் மஞ்சள் பத்திரமா இருக்காப்பா?" என்று கேட்டாள். இருக்குடா தங்கம் என்றேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல்.

இன்னொன்று. உன் அக்கா போன ஞாயிறு இங்கே வந்திருந்தாள். மேஜைமேல் இருந்த உன் கடிதத்தை எடுத்தாள். படிக்கக்கூட இல்லை, பார்த்தவுடனே, "இது அவ இடது கையில எழுதினது" என்றாள். சின்ன வயதில் நீ மரத்திலிருந்து விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருந்தபோது இப்படித்தான் எழுதினாயாம். அவள் போன பிறகு உன் கடிதங்கள் எல்லாவற்றையும் விரித்து வைத்துப் பார்த்தேன். நாலு மாதமாக இதே கையெழுத்து. நான் பேனாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்று நீ எழுதியதை மட்டும் படித்து, அந்த அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி நானும் மடித்து வைத்திருக்கிறேன்.

அந்தப் படுக்கை அம்மா ஆள் கனமா, தூக்கும்போது கை பிசகிக்கொண்டதா, இல்லை எலும்பே முறிந்ததா? டாக்டரிடம் காட்டினார்களா? தெரிந்தாலும் என்னால் உடனே ஒன்றும் செய்ய முடியாது. வா என்று கூப்பிடக்கூட இந்த அறையில் ஒரு காய்ந்த மூலை இல்லை. அதனால்தான் நீ மறைத்தாய் என்பதும் தெரியும்.

கோபமில்லை. கெஞ்சிக் கேட்கிறேன். இடது கையாலேயே எழுது, எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறேன். எனக்காக எதையும் நன்றாக்கி எழுதாதே. உன் வலது கை எப்படி இருக்கிறது என்று, இருக்கிறபடியே எழுது.

உன் பெயிண்டர்